யார் இலையில் குறைப்பது?

கரப்பான் கண்ட குழந்தைக்கு முட்டை ஆகாது. படை கண்டவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. கருவாடோ இருவருக்குமே ஆகாது. தமிழ்நாட்டில் இதைச் சொல்லாத பாட்டி கிடையாது.

இப்படி ஒரு வீட்டை எந்த ஊரிலும் காணலாம். தாத்தாவுக்கு வயது 55. முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தடித்துச் சிவந்த திட்டுகள். அவற்றின்மேல் வெள்ளி போல் மின்னும் செதில்கள். காலையில் படுக்கையை உதறினால் தவிடு கொட்டுவதுபோல் கொட்டும். டாக்டர் அதை ஸோரியாஸிஸ் என்கிறார். சித்த வைத்தியர் காளாஞ்சகப் படை என்கிறார். பேரனுக்கு 11 மாதம். அவன் கன்னம் இரண்டும் சிவந்து, பொரிந்து, நீர் கசிகிறது. இரவெல்லாம் சொறிந்துகொண்டு அழுகிறான். அது கரப்பான்; ஆங்கில வைத்தியத்தில் எக்ஸிமா.

அந்த வீட்டில் சமையற்கட்டு பாட்டியின் ஆட்சியில் இருக்கிறது. முதலில் முட்டையை நிறுத்தினாள். கரப்பான் அடங்கவில்லை. மீனை நிறுத்தினாள். பிறகு தயிர், நெய், வேர்க்கடலை. பிறகு துவரம் பருப்பின் மீது சந்தேகம் வந்தது. "ஏம்மா, நீ தின்கிறதுதானே பாலில் இறங்குது? நீயும் வாயைக் கட்டு" என்று மருமகளுக்கும் பத்தியம் போட்டாள். மருமகள் என்ன சொல்வாள்? "சரி அத்தை" என்று ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

தாத்தாவுக்கும் பத்தியம் உண்டு. கத்தரிக்காய் இல்லை, கருவாடு இல்லை, மாங்காய் இல்லை. ஆனால் காலையில் ஐந்து இட்லி, மத்தியானம் மூன்று முறை சோறு, மாலையில் வடை, நாலு வேளை சர்க்கரை போட்ட காபி. இவற்றில் எதையும் பத்தியம் தொடவில்லை.

அங்கன்வாடியில் குழந்தையை நிறுத்துப் பார்த்தார்கள். இரண்டு மாதமாக எடை ஏறவேயில்லை. தாத்தாவின் எடையோ 90 கிலோவைத் தாண்டிவிட்டது. வளர வேண்டிய குழந்தையின் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். குறைத்தால் குணம் தெரியக்கூடிய தாத்தாவின் இலையிலோ யாரும் கை வைக்கவில்லை.

இரண்டும் ஒன்றல்ல

தாத்தாவின் படைதான் பேரனுக்குக் கரப்பானாக இறங்கியிருக்கிறது என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு. அது சரியல்ல. இரண்டும் வெவ்வேறு வியாதிகள். இரண்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

எக்ஸிமா என்னும் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'கொதித்துப் பொங்குவது' என்று பொருள். குழந்தையின் கன்னத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். இந்த வியாதியில் தோல் நல்ல வேலியாக இருப்பதில்லை. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போய்விடுகிறது. வெளியிலிருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. தோலைக் கெட்டியாக வைக்கும் 'பிலாக்ரின்' என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறை, இந்த நோய்க்கு ஒரு முக்கிய காரணம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டி நகர விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆஸ்துமா, ஓயாத தும்மல் உள்ள குடும்பங்களில் இது அதிகம்.

ஸோரியாஸிஸ் வேறு விதம். சாதாரணமாகத் தோல் ஒரு மாத காலத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஸோரியாஸிஸ் உள்ள இடத்தில் அந்த வேலை நாலைந்து நாளில் நடந்துவிடுகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தவறாக முடுக்கிவிடுவதால் வரும் அவசரம் இது. உதிர நேரமில்லாமல் செல்கள் குவிந்து செதிலாகின்றன. பலருக்கு மூட்டு வீக்கமும் சேர்ந்து வரும். பழங்காலத்தில் இதைக் குஷ்டம் என்று எண்ணி, நோயாளியை ஊருக்கு வெளியே தள்ளிய கொடுமை பல நாடுகளில் நடந்தது. 1841-ல் வியன்னாவைச் சேர்ந்த ஹெப்ரா என்ற டாக்டர்தான் இது வேறு, குஷ்டம் வேறு என்று தீர்மானமாகப் பிரித்துச் சொன்னார். ஆனாலும் ஸோரியாஸிஸ் உள்ளவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரத் தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆகவே இருவருக்கும் ஒரே பத்தியம் என்பது பொருந்தாது.

கத்தரிக்காய் மீது பழி

பாட்டி சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. கத்தரிக்காய் தின்றால் அரிக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். இதை மைசூரில் ஆராய்ந்து பார்த்தார்கள். 741 பேரைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 9 பேர் அளவில் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர்களாகத் தெரிந்தது. ஆனால் ரத்தத்தில் ஊன்றிய உண்மையான ஒவ்வாமை என்று உறுதிப்பட்டது 100-க்கு ஒருவருக்கும் குறைவே. மற்றவர்களுக்கு அரிப்பு வருவானேன்? கத்தரிக்காயில் 'ஹிஸ்டமின்' முதலிய பொருள்கள் இயற்கையாகவே உண்டு. உடலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குவது இந்த ஹிஸ்டமின்தான். சரியாகப் பதப்படாத மீனிலும் கருவாட்டிலும் அது பெருகிவிடும்.

எனவே பாட்டியின் கண் பொய் சொல்லவில்லை. கத்தரிக்காய் தின்று அரித்தது மெய்தான். ஆனால் ஒரு மணி நேரம் அரித்து அடங்குவது வேறு, மாதக்கணக்கில் நீர் கசியும் கரப்பான் வேறு. முன்னதற்குக் காரணமான பண்டத்தைப் பின்னதற்கும் குற்றவாளியாக்கியதில்தான் தவறு நேர்ந்தது.

குழந்தைகளின் கரப்பானுக்கும் உணவுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், சிலருக்கு உண்டு. 1998-ல் அமெரிக்காவில் தோல் நிபுணரிடம் வந்த 63 கரப்பான் நோயாளிகளைச் சோதித்ததில், 100-க்கு 37 பேர் வீதம் உணவு ஒவ்வாமை இருந்தது. அவர்கள் பெரும்பாலும் கடுமையாகக் கஷ்டப்பட்ட குழந்தைகள். முட்டை, பால், வேர்க்கடலை ஆகியவை முதல் வரிசைக் குற்றவாளிகள். லேசான கரப்பான் உள்ளவர்களிடம் இது மிகவும் குறைவு.

சரி, ஆகாத உணவை நிறுத்திவிட்டால் கரப்பான் போய்விடுமா? பல ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2022-ல் கணக்குப் பார்த்தார்கள். உணவை நிறுத்தாதவர்களில் 100-க்கு 41 பேருக்கு நோய் தணிந்தது. நிறுத்தியவர்களில் 100-க்கு 50 பேருக்குத் தணிந்தது. அதாவது, 100 பேர் வாயைக் கட்டினால் அதனால் கூடுதலாகப் பயன் பெறுகிறவர்கள் 9 பேர். அந்த 9 பேருக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் மீதியுள்ளவர்கள் எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும்?

அட்லாண்டாவில் ஒரு குழந்தை

வாயைக் கட்டுவதில் என்ன நஷ்டம், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். அமெரிக்காவில் அட்லாண்டா நகரின் டாக்டர்கள் 2001-ல் வெளியிட்ட ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும்.

22 மாதக் குழந்தை ஒன்றை உடல் வீங்கிய நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தக் குழந்தைக்கு நெடுநாளாகக் கரப்பான். 13 மாதம் வரை தாய்ப்பால் குடித்தது. பிறகு பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி, பெற்றோர் அரிசியிலிருந்து செய்து கடையில் விற்கும் பானத்தைப் பாலுக்குப் பதிலாகக் கொடுத்து வந்தார்கள். தினம் ஒன்றரை லிட்டர் குடித்தது. வயிறு நிறைந்தது. ஆனால் அந்தப் பானத்தில் புரதம் பெயரளவுக்குத்தான் உண்டு. குழந்தைக்கு வந்திருந்தது 'குவாஷியார்க்கர்' என்னும் புரதப் பஞ்ச நோய். பஞ்சம் பிடித்த நாடுகளில் காணும் வியாதி, செல்வம் கொழிக்கும் தேசத்தில், பெற்றோர் அன்போடு பார்த்துப் பார்த்து ஊட்டிய குழந்தைக்கு வந்துவிட்டது.

அரிசிக் கஞ்சியும் சர்க்கரையும் மட்டும் ஊட்டும் நம் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பதினோரு மாதக் குழந்தைக்குப் பருப்பும் தயிரும் நெய்யும் மீனும் முட்டையும் ஆடம்பரம் அல்ல.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரையில் உடம்பு அதைப் பழகிப் பொறுத்துக்கொள்கிறது. பல மாதம் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால், முன்பு வெறும் அரிப்போடு போனது இப்போது மூச்சை அடைக்கும் அளவுக்குப் பாயக்கூடும். உணவை நிறுத்திய குழந்தைகள் சிலருக்கு இப்படி நேர்ந்ததை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகையால் நிறுத்துவதும் திரும்பக் கொடுப்பதும் டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டிய காரியங்கள்.

வேர்க்கடலைப் பாடம்

இந்த விஷயத்தில் பாட்டிமார் மட்டும் தவறவில்லை. படித்த டாக்டர்களும் தவறினார்கள். ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்க வேண்டாம் என்று 1998-ல் பிரிட்டனிலும் 2000-ல் அமெரிக்காவிலும் ஆலோசனை சொன்னார்கள். ஒவ்வாமை குறையவில்லை.

லண்டனைச் சேர்ந்த கிடியான் லாக் என்ற நிபுணர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். இஸ்ரேலில் குழந்தைகள் கைப்பிடித்துத் தின்னத் தொடங்கும் வயதிலேயே வேர்க்கடலை கலந்த பொரியை மெல்லுகிறார்கள். அங்கே வேர்க்கடலை ஒவ்வாமை மிகக் குறைவு. அதே யூத இனத்துக் குழந்தைகள் பிரிட்டனில் வளர்ந்தால் அவர்களிடம் சுமார் பத்து மடங்கு அதிகம். உடனே அவரது குழுவினர் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வேர்க்கடலையைக் கொடுத்து வந்தார்கள். மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, கொடுக்காதவர்களில் 100-க்கு 17 பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. கொடுத்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான். 2015-ல் இந்த முடிவு வெளியானதும் மேல்நாடுகளில் பழைய ஆலோசனை தலைகீழானது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாய்வழியாகப் போகும் உணவை உடம்பு நண்பனாக ஏற்கிறது. வெடித்த தோல்வழியாகப் போகும் உணவைப் பகையாக நினைத்துவிடுகிறது. கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் என்று 2003-லேயே தெரிந்தது. ஆகவே நீர் கசியும் கன்னத்தில் கடலை மாவையும் பாலேட்டையும் பூசித் தேய்ப்பது உசிதமல்ல. தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் நல்ல சாட்சி உண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்தில் 117 குழந்தைகளிடம் சோதித்து, சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவியதில் தோல் நன்றாகத் தேறியதாக 2014-ல் எழுதினார்கள். குளிப்பாட்டி, ஈரம் உலர்வதற்குள் தடவ வேண்டும். டாக்டர் தரும் களிம்பை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போட வேண்டும். கரப்பானுக்கு இதுதான் முதல் வைத்தியம். உணவு இரண்டாவது இடத்தில்தான் வருகிறது.

குழந்தைக்கு எது ஆகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குழந்தை தின்றது, தின்ற நேரம், தோலின் நிலை மூன்றையும் எழுத வேண்டும். உண்மையான ஒவ்வாமையில் பெரும்பாலும் சில நிமிஷம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வாயைச் சுற்றித் தடிப்போ, வாந்தியோ தெரியும். சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துக் கரப்பான் சீறும். சந்தேகப்பட்ட ஒரே ஒரு பண்டத்தை டாக்டர் சொல்படி சில வாரம் நிறுத்தி, பிறகு அவர் முன்னிலையில் திரும்பக் கொடுத்துப் பார்ப்பார்கள். நிறுத்தித் தணிந்து, கொடுத்துச் சீறினால்தான் குற்றம் ருசுவானதாகக் கொள்ளலாம். வெறும் ரத்தப் பரிசோதனை போதாது. அதில் 'உண்டு' என்று வந்த பண்டத்தைத் தின்று சுகமாக இருக்கும் குழந்தைகள் ஏராளம். ஒரு சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளை ஆராய்ந்து 'இவை ஆகாது' என்று நீண்ட பட்டியல் தரும் சோதனைகளும் விற்கப்படுகின்றன. நிபுணர்கள் அவற்றை ஏற்பதில்லை. அந்தப் பணத்துக்கு மீன் வாங்கலாம்.

உதடு வீங்குதல், மூச்சு இரைத்தல், குழந்தை துவண்டு விழுதல் ஆகியவை தெரிந்தால் நோட்டுப் புத்தகத்துக்கு வேலையில்லை. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

தாத்தாவின் இலை

இனித் தாத்தாவிடம் வரலாம். ஸோரியாஸிஸ் நோயாளிகளின் உணவைப் பற்றி அமெரிக்காவின் தேசிய ஸோரியாஸிஸ் நிறுவனத்து நிபுணர் குழு, வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சலித்து 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் அழுத்தமாகச் சிபாரிசு செய்தது ஒன்றே ஒன்றுதான். உடல் பருத்தவர்கள் உணவைக் குறைத்து எடையை இறக்க வேண்டும். கோதுமையை விலக்குவது, கோதுமைப் புரதம் ஆகாது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு மட்டும் பயன்படலாம். எல்லோரும் சப்பாத்தியை விட வேண்டியதில்லை. கத்தரிக்காயைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

எடைக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்? வயிற்றில் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. உடலில் வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை அது சுரந்துகொண்டே இருக்கிறது. ஸோரியாஸிஸுக்கு அது எரியும் நெருப்பில் எண்ணெய். டென்மார்க்கில் பருத்த உடலுடைய 60 ஸோரியாஸிஸ் நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு 16 வாரம் கண்டிப்பான குறைந்த உணவு. மற்றவர்களைவிட அவர்கள் சராசரியாக 15 கிலோ இளைத்தார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, படையின் உக்கிரம் தணியும் பக்கம் சாய்ந்தது; நோயினால் அன்றாட வாழ்வில் படும் தொல்லை தெளிவாகக் குறைந்தது. படை அடியோடு மறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொல்லவும் முடியாது. இது தணிந்தும் எழுந்தும் வரும் வியாதி. தவிர, அந்த அளவு கடும் உணவுக் கட்டுப்பாட்டை டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் செய்யக் கூடாது.

ஸோரியாஸிஸ் உள்ளவர்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. ஆகவே தாத்தா இளைத்தால் தோலுக்கு மட்டுமல்ல லாபம். ஐந்து இட்லி மூன்றாகலாம். மத்தியானம் மூன்றாம் முறை சோறு போடும் இடத்தில் கீரையும் கூட்டும் வரலாம். வடைக்குப் பதில் சுண்டல். தயிருக்குப் பதில் நீர் மோர். மீனை எண்ணெயில் பொரிக்காமல் குழம்பில் போடலாம். கத்தரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடலாம், அவருக்குச் சாப்பிட்டவுடன் அரிக்காத வரையில். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர் மட்டும், சோற்றைக் குறைக்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பாட்டி அறியாத இரண்டு பத்தியங்கள் உண்டு. சுருட்டும் சாராயமும். புகைப்பதும் குடிப்பதும் ஸோரியாஸிஸைக் கிளறிவிடும். கடுமையான படைக்கு வாரம் ஒருமுறை மட்டும் விழுங்கும் 'மெதோட்ரெக்ஸேட்' மாத்திரை கொடுக்கிறார்கள். அதோடு மதுவும் சேர்ந்தால் ஈரல் கெட்டுவிடும். கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டுக் கடைவீதிப் பக்கம் ஒதுங்கும் தாத்தாக்கள் இதைத் தெரிந்துகொள்வது நலம்.

உணவை மாற்றியாயிற்று என்று மருந்தை நிறுத்திவிடுவதும் பெரும் தவறு. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தியதால் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் கிளம்பி, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உண்டு. பெயர் தெரியாத பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஒரே வாரத்தில் மாயமாய் மறைகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

மறுபடியும் அந்த வீடு

குழந்தையைச் சோதித்துப் பார்த்தால் இப்படி வருவது உண்டு: மீனில் ஒன்றுமில்லை, தயிரில் ஒன்றுமில்லை, துவரம் பருப்பு நிரபராதி. வேர்க்கடலையும் ஒத்துக்கொண்டது. அதை முழுப் பருப்பாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். நைய அரைத்துக் கூழில் கலந்தார்கள். கடைசியில் முட்டை. டாக்டர் முன்னிலையில் துளி கொடுத்ததும் பத்தாவது நிமிஷம் வாயைச் சுற்றித் தடித்துவிட்டது.

"நான் முதலிலேயே சொன்னேனே!" என்கிறாள் பாட்டி. சொன்னது வாஸ்தவம். சொன்ன ஆறில் ஒன்று பலித்திருக்கிறது. முட்டையை மட்டும் விலக்கச் சொன்னார் டாக்டர். அதுவும் என்றைக்குமாக அல்ல. முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர விலகிவிடும். ஒரு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் மறுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்றார். மருமகளின் பத்தியம் அன்றே முடிந்தது. தாய் முட்டை சாப்பிடுவதால் குழந்தைக்குத் தடிப்பு வருகிறதா என்று நோட்டுப் புத்தகம் பார்த்தார்கள், வரவில்லை. அவள் இலையில் பருப்பும் மீனும் முட்டையும் திரும்பி வந்தன.

அடுத்த மாதம் அங்கன்வாடித் தராசில் முள் 300 கிராம் நகர்ந்திருந்தது. கன்னம் இன்னும் பூரணமாக ஆறவில்லை. குளிர் நாட்களில் மறுபடி பொரிகிறது. ஆனால் இரவில் தூங்குகிறான்.

தாத்தாதான் இன்னும் வழிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்டதும், "இனி இது உண்டா?" என்று முகம் மலர்ந்தார். உண்டு என்றாள் பாட்டி. "அப்படியானால் இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார். பாட்டி சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.